ஹார்டுவேர் கடைக்கு முதல் கணினி: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

மணிமுத்தாறு (விருத்தாசலம்) | வெள்ளி, இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 26 வருஷமா நடத்துற ஹார்டுவேர் கடையை இப்போ நானும் சேர்ந்து பாத்துக்கறேன். பைப், ஃபிட்டிங்ஸ், பெயிண்ட், மோட்டார், வயர், ஆணி, கொஞ்சம் சிமெண்ட். இன்னைக்கு வரைக்கும் கார்பன் வைத்த பில் புக்தான். மேஸ்திரிகளுக்கும் பிளம்பர்களுக்கும் தனியா கடன் நோட்டு. மாசக் கடைசியில் பில் புக்கையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துட்டு வருவோம். அங்கே ஒரு பையன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவான்.

இந்த வருஷம் ஆடிட்டர் தெளிவாகவே சொல்லிட்டார், இனிமே கணினியில் பில் போட்டால்தான் முடியும்னு. எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீடு) வாரியாகப் பிரிக்க அவங்களால் முடியலையாம். கடன் நோட்டில் எங்களுக்கே குழப்பம். போன தீபாவளிக்கு ஒரு கான்ட்ராக்டர் பாக்கியை அப்பா 8,400 என்றார், அவர் 5,900 என்றார். நோட்டில் அந்தப் பக்கம் தண்ணி பட்டு அழிஞ்சு போயிருந்தது. அப்பா அவர் சொன்னதையே வாங்கிட்டு வந்துட்டார். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஊரிலேயே ஒரு கடையில் ஆல்-இன்-ஒன், ஐ7, 16 ஜிபி, 76,000 ரூபாய். கடலூரில் கம்பெனி டெஸ்க்டாப், ஐ3 12ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, மானிட்டரோடு 43,500. தெரிந்தவர் ஒருத்தர் "ஐ5 சிஸ்டம், விண்டோஸ், ஆபீஸ், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாம் போட்டே தர்றேன்" என்று 16,000 சொல்றார்.

பிரிண்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 75,000 வரை அப்பாவால் முடியும். அதுக்கு மேல் வேண்டாம்னு இருக்கோம். எது நல்லது?

சர்வீஸ் பெஞ்ச் (திருச்சி) | வெள்ளி, இரவு 10:20

தங்கச்சி, கணினி பத்திப் பேசறதுக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லுங்க. எந்த மென்பொருள்ல பில் போடப் போறீங்க? கல்லாவுல உட்காருறது யாரு? ஒரு நாளைக்கு எத்தனை பில்? கணினி வைக்கப்போற இடம் எப்படி, சிமெண்ட் மூட்டை எவ்வளவு தூரம்? கடைசிக் கேள்வியை விளையாட்டாக் கேக்கல. ஹார்டுவேர் கடையிலிருந்து வர்ற சிபியுவைத் திறந்தா உள்ள பாதி சிமெண்டுதான் இருக்கும்.

மணிமுத்தாறு | வெள்ளி, இரவு 10:45

மென்பொருள் இன்னும் முடிவு பண்ணலை அண்ணா. அதை அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். காலையில் அப்பா, மதியத்துக்கு மேல் நான். ஒரு நாளைக்கு 60 முதல் 80 பில், முகூர்த்த மாசம் முடிஞ்சு வீடு கட்டுற காலத்தில் 120கூட வரும். கல்லாவிலிருந்து சிமெண்ட் அடுக்கு பத்தடி. கரண்ட் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கண் சிமிட்டும். இன்னொன்று, பெயிண்ட் கம்பெனி டின்டிங் மெஷினோடு ஒரு கணினி கொடுத்திருக்காங்க. அதிலேயே பில் போட்டுடலாமே என்று அப்பா கேட்கிறார்.

பேரேடு (கும்பகோணம்) | சனி, காலை 7:15

அம்மா, நான் வரி ஆலோசகர். 20 வருடத்துக்கு மேலாகச் சிறு கடைக் கணக்குகள்தான் பார்க்கிறேன். நீங்கள் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்ததைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மென்பொருள் முடிவானால் கணினி தானாக முடிவாகிவிடும். டேலி பிரைம் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். ஜோஹோ புக்ஸ் போன்றவை உலாவியில் ஓடும், எந்தக் கணினியும் போதும், ஆனால் இணையம் வேண்டும். இரண்டும் இரண்டு விதமான கொள்முதல்.

உங்கள் தொழிலுக்கென்று ஒரு சோதனை சொல்கிறேன். மென்பொருள் விற்க வருபவரிடம் உங்கள் சரக்கில் மூன்றைக் கொடுத்து, எதிரிலேயே பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, வீட்டு வயர். 90 மீட்டர் சுருளாக வாங்கி, மீட்டர் கணக்கில் விற்கிறீர்கள். இரண்டு, பைப். லெங்த் கணக்கில் வந்து அடிக்கணக்கில் போகும். மூன்று, ஆணி. பெட்டியாக வந்து கிலோவில், சில நேரம் 100 கிராமில் போகும். இப்படி இரண்டு அளவுகளில் ஒரே சரக்கை வைத்து, இருப்பைச் சரியாகக் காட்டாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மளிகைக்கும் மருந்துக்கடைக்கும் எழுதப்பட்டவை பல இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

இன்னொரு சோதனை, வரி விகிதம் மாறும்போது என்ன ஆகிறது என்பது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. தேதி வாரியாக விகிதத்தை வைத்துக்கொள்ளும் மென்பொருளில் புதிய விகிதத்தையும் தேதியையும் போட்டால் வேலை முடிந்தது. மற்றவற்றில் அன்று காலை சரக்கு சரக்காகத் திருத்தினார்கள். பழைய பில்லைத் திரும்ப அச்சிட்டால் புது விகிதம் வந்து நின்ற கணக்குகளையும் பார்த்தேன்.

உங்கள் விற்பனை 5 கோடிக்குள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவது, கட்டாயமில்லை. ஜிஎஸ்டி எண் உள்ள கான்ட்ராக்டருக்குப் போடும் பில்லில் எச்எஸ்என் 4 இலக்கம் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரே பில்லில் 1 லட்சத்துக்கு மேல் சரக்கு போனால் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு. இவை மூன்றையும் மென்பொருள் செய்தால் போதும். இதற்கு மேல் உள்ள வசதிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

டின்டிங் கணினியைத் தொடவே வேண்டாம். ஷேடு கலக்கும் மென்பொருளுக்காக வந்தது அது, கம்பெனி ஆள் வந்து எப்போது வேண்டுமானாலும் அழித்துப் புதிதாகப் போடுவார். உங்கள் கணக்கும் அதோடு போகும்.

சர்வீஸ் பெஞ்ச் | சனி, காலை 11:30

ஐயா சொன்னது அத்தனையும் சரி. இப்ப மெஷினுக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா எழுதறேன்.

16,000 சிஸ்டத்துல ஆரம்பிப்போம். "ஐ5"னு மட்டும் சொன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. ஐ5ங்கிற இன்டெல் ப்ராசசர் 2009லிருந்து வருது. கோட்டுக்கு அப்புறம் வர்ற எண்ணைக் கேளுங்க. ஐ5-4570ன்னா நாலாம் தலைமுறை, 2013ல வந்தது. ஐ5-8500ன்னா எட்டாம் தலைமுறை, 2018. ஐ3-12100ன்னா பன்னிரண்டு. இந்த எட்டுதான் கோடு. விண்டோஸ் 11 முறையா ஏறணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சில்லும் வேணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. பதிஞ்சுக்கிட்டவங்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தம் 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். ஜிஎஸ்டி தளத்துலயும் வங்கித் தளத்துலயும் நுழையற கணினியை அதுக்கு மேல அப்படியே ஓட்டக் கூடாது.

இதனாலதான் கம்பெனிகள் பழைய ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினைக் கட்டுக்கட்டா கழிச்சு விடுது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனா குவிஞ்சு கிடக்கும். உங்க தெரிஞ்சவர் சொல்றது அதுல ஒண்ணா இருக்கலாம். அவரை நான் தப்பு சொல்லல, அவருக்கே தெரியாம இருக்கலாம். ஆனா "எல்லாம் போட்டே தர்றேன்"ங்கிறது உரிமம் இல்லாத மென்பொருள்தான். பூட்டை உடைச்ச பில்லிங் மென்பொருள்ல கணக்கு வைக்காதீங்க. ஜிஎஸ்டி மாற்றம் வரும்போது அப்டேட் ஏறாது. உடைக்கிற நிரலுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு போட்டவருக்கும் தெரியாது.

செகண்ட்ஸே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஆப்டிப்ளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் மாதிரி ஆபீசுக்குன்னு செஞ்ச டெஸ்க்டாப், எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ, பில்லோட, ஆறு மாச வாரண்டியோட கிடைச்சா தாராளமா வாங்கலாம். கனமான இரும்பு, உறுதி. எஸ்எஸ்டி மட்டும் புதுசு போடச் சொல்லுங்க.

76,000 ஆல்-இன்-ஒன் வேண்டவே வேண்டாம். பில் போட ஐ7 எதுக்கு? அதோட, திரை போனா கணினி போச்சு, கணினி போனா திரை போச்சு. உதிரி பாகம் அந்த மாடலுக்குன்னு வரணும். என் பெஞ்ச்ல ஒரு ஜவுளிக்கடை ஆல்-இன்-ஒன் 40 நாள் திரைக்காகக் காத்துக் கிடந்தது. டெஸ்க்டாப்னா எந்த ஊர்லயும் ஒரு மணி நேரத்துல பவர் சப்ளை மாத்தலாம், ராம் மாத்தலாம். சிமெண்ட் தூசுக்கு மாசம் ஒரு தடவை ப்ளோயர்ல ஊதலாம். ஆல்-இன்-ஒன்னைத் திறக்கிறதே ஒரு வேலை.

ஆகவே கடலூர் மெஷின்தான் என் ஓட்டு. 8 ஜிபி ராம் உங்க வேலைக்குப் போதும். இன்னொரு ராம் போட காலியா இடம் இருக்கான்னு மட்டும் கேட்டுக்குங்க, 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்குது, இப்பவே கூடுதலாப் போட வேண்டாம். எஸ்எஸ்டி கட்டாயம். சுழலும் ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் 11 போட்டா கடை திறந்து அஞ்சு நிமிஷம் வாடிக்கையாளரை நிக்க வைக்கணும். சிபியுவைத் தரையில வைக்காதீங்க, ரெண்டடி உயரத்துல ஒரு பலகை அடிங்க.

மளிகை (ஈரோடு) | சனி, மதியம் 2:10

ஏனுங்க, எல்லாரும் டெஸ்க்டாப்புன்னே சொல்றீங்க. எங்க கடையில லேப்டாப்புதானுங்க, நாலு வருஷமா ஓடுது. கரண்ட் போனாக் கவலையில்ல. ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கொள்முதல் பில்லெல்லாம் சாவகாசமா ஏத்தறேன். கல்லா மேசையில எடமும் மிச்சம். அந்தப் பொண்ணுக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து கணக்குப் பாக்கற வேலை இருக்குமில்லீங்க? 45,000 ரூவாய்க்கு நல்ல லேப்டாப்பே வருது. யோசிங்க.

சர்வீஸ் பெஞ்ச் | சனி, மதியம் 3:00

மளிகை அண்ணா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா லேப்டாப்தான். ஆனா நாள் முழுக்க சார்ஜரோடவே கிடக்கிற லேப்டாப்புல ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிட்டு வர்றதை வாராவாரம் பாக்கறேன். சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டாம நிறுத்தற வசதி நிறைய லேப்டாப்புல இருக்கு, அதைப் போட்டு வைங்க அண்ணா. தூசுதான் இங்க பெரிய விஷயம். ஈரோட்டு மளிகைக்கடைத் தூசும் சிமெண்ட் தூசும் ஒண்ணு இல்ல. சிமெண்ட் ஈரக்காத்துல உள்ள போய் ஃபேன்ல இறுகிப்போகும்.

அப்பாவுக்கு 22 இன்ச் திரையில எழுத்தைப் பெருசு பண்ணி வெச்சாத்தான் வசதி. அதையும் நெனச்சுப் பாருங்க.

கட்டற்றவன் (மதுரை) | சனி, மாலை 6:40

தோழி, யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். லினக்ஸ் போட்டால் விண்டோஸ் செலவே இல்லை. அந்தப் பழைய ஆறாம் தலைமுறைக் கணினியிலும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் நன்றாக ஓடும். வைரஸ் தொல்லை மிகக் குறைவு. கணக்குக்கு க்னூகாதா இருக்கிறது, இந்தியாவிலேயே உருவான கட்டற்ற மென்பொருள். பெரிதாக வேண்டுமென்றால் மும்பைக்காரர்கள் எழுதிய இஆர்பிநெக்ஸ்ட். உங்கள் தரவு உங்களிடமே இருக்கும், யாருக்கும் வருடச் சந்தா கட்ட வேண்டாம். எங்கள் வீட்டு அச்சுக் கடை ஆறு வருடமாக லினக்ஸில்தான்.

பேரேடு | சனி, இரவு 8:25

கட்டற்றவன் தம்பியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன், தரவு நம்மிடமே இருக்க வேண்டும் என்பது பெரிய விஷயம். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு மாதம் முடிந்ததும் ஆடிட்டரிடம் கோப்பு போக வேண்டும். அவர் அலுவலகத்தில் என்ன மென்பொருளோ அதில் நேராகத் திறந்தால் அவர்களுக்குக் கட்டணமும் குறையும், தவறும் குறையும். விருத்தாசலத்தில் கடை நடுவில் பில் நின்றால் ஓடி வந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். லினக்ஸ் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் தம்பி சொன்னதைச் செய்யலாம். இல்லாத வீட்டில் முதல் கணினியிலேயே அதைச் சுமத்த நான் பயப்படுவேன்.

அம்மா, பணம் பற்றிச் சில குறிப்புகள். நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி கட்டுபவரானால், கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் வாங்குங்கள். 43,500 வரியோடு சேர்ந்த விலை என்றால் அதில் 6,636 ரூபாய் வரி. அது உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரும். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் யாருக்கு நட்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் கம்போசிஷன் முறையில் இருந்தால் இது கிடையாது.

வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி, 20 சதவீதம். திரும்பப் பெறும் 6,636 ரூபாயை இதில் சேர்த்துத் தேய்மானம் கேட்கக் கூடாது. முக்கியமாக, ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்தின் விலை தேய்மானக் கணக்கில் ஏறாது. வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள்.

நண்பர் ஒருவர் எனக்குத் தனிச் செய்தியில், திருத்தங்களைப் பதிவு செய்யும் எடிட் லாக் உள்ள மென்பொருள்தான் சட்டப்படி வாங்க வேண்டுமா என்று கேட்டார். 2023 ஏப்ரல் 1 முதல் அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். தனியுரிமையாளர் கடைக்குக் கட்டாயமில்லை.

மணிமுத்தாறு | சனி, இரவு 9:30

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதுறதைப் பார்த்து மனசு நிறைஞ்சு போச்சு. அப்பாவுக்கு ஒவ்வொன்றாகப் படிச்சுக் காட்டினேன். வயர் சோதனையைக் கேட்டதும் "இவரு கடை வெச்சிருந்தவரா இருப்பாரு" என்றார்.

பிரிண்டர்? சூப்பர் மார்க்கெட்டில் கொடுக்கிற மாதிரிச் சின்ன பில் வேண்டும் என்று தம்பி சொல்றான். சரக்குப் பெயர் தமிழில் வரணும்னு அப்பா. அவருக்கு இங்கிலீஷ் படிக்கச் சிரமம்.

அச்சுக்கூடம் (சிவகாசி) | ஞாயிறு, காலை 8:05

சகோதரி, பில் எழுத்து விஷயத்தில் 30 வருஷம் கழித்தவன் நான், இதைக் கேளுங்கள்.

முதலில் தமிழ். யாராவது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் சரக்குப் பெயரை அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். வேறு கணினிக்குப் போனால், எழுத்துரு இல்லாவிட்டால், புரியாத ஆங்கிலமாகக் கொட்டும். தேடினாலும் கிடைக்காது. எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மென்பொருள் சோதனையில் "எல்போ", "கேட் வால்வு", "ஸ்ரீ" என்று மூன்று சொல் அடித்து அச்செடுத்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தெர்மல், உங்கள் தம்பி கேட்ட சின்ன பில் போடும் பிரிண்டர். 58 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம். பில் வேகம், மை செலவு இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் பெரும்பாலான தெர்மல் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். விண்டோஸ் டிரைவர் வழியாக அச்சிடும் மென்பொருள் அதைச் செய்துவிடும், எழுத்தை நேரடியாக அனுப்பும் மென்பொருளில் கேள்விக்குறியாக வரும். அதோடு தெர்மல் தாள் வெயில் பட்டால் கறுக்கும், நாளானால் எழுத்து மங்கும். மளிகைக்குப் பரவாயில்லை. நீங்கள் மோட்டார் விற்கிறீர்கள். வாங்கியவர் ஒரு வருஷம் கழித்து வாரண்டிக்கு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினால்? கான்ட்ராக்டர் உங்கள் பில்லை வீட்டுக்காரரிடம் காட்டித்தான் பணம் வாங்குவார்.

அதனால் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி ஏ5ல் பில் போடுங்கள். மேலே கடை பெயரை மென்பொருளே அச்சிடும், முன்அச்சு செலவும் இல்லை. (என் தொழிலுக்கு எதிராகத்தான் சொல்கிறேன், இருந்தாலும் அதுதான் உண்மை.) இ-வே பில்லும் இதிலேயே வரும். டாட் மேட்ரிக்ஸ் கார்பன் நகலுக்கு நல்லது, ரிப்பன் மலிவு, ஆனால் தமிழ் அச்சு மெதுவாகத்தான் வரும்.

சர்வீஸ் பெஞ்ச் | ஞாயிறு, காலை 9:40

லேசர் வாங்கினா ஒண்ணு கண்டிப்பா ஞாபகம் வைங்க. அதை யுபிஎஸ்ல செருகாதீங்க. உள்ள இருக்கிற ஹீட்டர் சூடாகும்போது நூத்துக்கணக்கான வாட்ஸ் இழுக்கும், யுபிஎஸ் கத்தி அணைஞ்சிடும், பில்லு பாதியில போயிடும். பிரிண்டர் நேரா சுவத்துல. யுபிஎஸ்ல சிபியு, மானிட்டர், இணைய மோடம் மட்டும். 600 விஏ போதும், உங்க மெஷினுக்குக் கால் மணி நேரமாவது தாங்கும். உள்ள இருக்கிற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், எழுதி ஒட்டி வைங்க. கடையில ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தா அதுல யுபிஎஸ் மோடு இருக்கான்னு பாருங்க, அது இல்லாம மாறும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும்.

எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க, உங்க கடைக்கே வர்றவங்கதானே.

மளிகை | ஞாயிறு, இரவு 7:30

லேப்டாப்பா டெஸ்க்டாப்பாங்கறது போகட்டுமுங்க. நான் எழுத வந்தது வேற. சொல்லவே சங்கடமா இருக்குது, ஆனா அந்தப் பொண்ணுக்கு உதவுமுன்னா சொல்லோணும்.

மூணு வருஷம் முன்னாடி, கடைப் பையன் மெயில்ல வந்த ஏதோ "இன்வாய்ஸ்" கோப்பைத் தொறந்துட்டான். மத்தியானம் சாப்பிட்டு வந்து பாத்தா எல்லாக் கோப்புக்கும் பேரு மாறியிருக்குது, பணம் கட்டுன்னு ஒரு அறிவிப்பு. பேக்கப் இருக்குதேன்னு பென் டிரைவைப் பாத்தேன். அது கணினியிலயே செருகி இருந்துதுங்க, எப்பவுமே. அதுலயும் எல்லாம் பூட்டிப் போச்சு. ஆடிட்டருக்கு முன்ன அனுப்பின கோப்பு ஒண்ணு அவருகிட்ட இருந்துது, 19 நாள் பழசு. அந்த 19 நாளையும் நானும் சம்சாரமும் பில் நகலை வெச்சு ராத்திரி ராத்திரியா ஏத்தினோம். கடன் வரவு மட்டும் சரியா வரவே இல்லைங்க. சனங்க நல்லவங்க, அவங்களா வந்து சொன்னாங்க, ஆனா சொல்லாம விட்டதும் இருக்குமில்லீங்க.

கணினியில 43,500 செலவு பண்றவிங்க, கணக்கு நகலுக்கு ரெண்டாயிரம் ஒதுக்குங்க. எப்படி வெக்கறதுன்னு சர்வீஸ் தம்பி சொல்லட்டும்.

சர்வீஸ் பெஞ்ச் | ஞாயிறு, இரவு 9:00

அண்ணா இதை எழுதினதுக்கு நன்றி. என் பெஞ்ச்ல இதுக்காக அழுதவங்களைப் பாத்திருக்கேன். செத்துப்போன எஸ்எஸ்டியிலிருந்து கணக்கை எடுத்துத் தாங்கன்னு கேப்பாங்க. ஹார்ட் டிஸ்க்னா மெதுவாச் சாகும், சத்தம் போடும், ஏதாவது மீட்கலாம். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமப் போயிடும்.

செய்ய வேண்டியது இதுதான் தங்கச்சி. ரெண்டு பென் டிரைவ் வாங்குங்க, ஒண்ணுல "ஒற்றை", இன்னொண்ணுல "இரட்டை"ன்னு எழுதுங்க. கடை சாத்தும்போது ஒற்றைத் தேதியில ஒண்ணு, இரட்டைத் தேதியில மத்தது. பேக்கப் எடுத்ததும் கழட்டி அப்பாவோட சட்டைப் பையில வீட்டுக்குப் போகணும், கடையில இருக்கக் கூடாது. தீ, திருட்டு எல்லாம் கடைக்குத்தான் வரும். வாரம் ஒரு தடவை அதே கோப்பை இணையச் சேமிப்புக்கு ஏத்துங்க. மாசம் ஒரு தடவை பேக்கப்பை வேற கணினியில திறந்து, நேத்து போட்ட பில் அதுல இருக்கான்னு பாருங்க. திறந்து பாக்காத பேக்கப்பை நம்பாதீங்க.

விண்டோஸ்ல பில் போடறவங்களுக்குத் தனிப் பயனர் கணக்கு, அட்மின் உரிமை இல்லாம. அந்தக் கணினியில மெயில் வேண்டாம், மெயில் போன்ல பாத்துக்கலாம்.

பேரேடு | ஞாயிறு, இரவு 9:40

இரண்டே வரி. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26க்கு அந்தத் தேதி 2026 டிசம்பர் 31, அதனால் 2032 டிசம்பர் வரை. கணினி அதற்குள் இரண்டு முறை மாறலாம், கோப்பு மாறக் கூடாது. டேலி எடுத்தால், டேலி வால்ட் கடவுச்சொல் போட்டீர்களானால் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள். மறந்தால் மீட்க வழியே இல்லை.

மணிமுத்தாறு | 23 நாள் கழித்து, செவ்வாய், இரவு 10:15

எல்லாருக்கும் நன்றி. என்ன செஞ்சோம்னு சொல்லாமல் இருக்கக் கூடாது, அதான் வந்தேன்.

மூன்று மென்பொருளுக்கு வயர் சோதனை வைத்தோம். ஒன்று மீட்டரைக் கேட்கவே இல்லை. ஒன்று கேட்டது, ஆனால் மிச்சம் 37 மீட்டரை 0.41 சுருள் என்று காட்டியது, அப்பா எழுந்தே போயிட்டார். ஆடிட்டரிடம் இருப்பதும் டேலிதான் என்பதால் கடைசியில் அதற்கே போனோம், மொத்தமாக வாங்காமல் வாடகை முறையில். ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்னு ஆடிட்டரும் சொன்னார்.

கடலூர் டெஸ்க்டாப் 43,000க்குக் குறைத்துத் தந்தார்கள், கடை ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு, மூன்று வருஷம் இடத்துக்கே வந்து பார்க்கும் வாரண்டி. யுபிஎஸ் 3,100. லேசர் பிரிண்டர் 15,800. பென் டிரைவ் இரண்டு 1,100. மொத்தம் 63,000. எல்லாம் யுபிஐ, வங்கிப் பரிமாற்றம். சிபியு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், அப்பாவே கடையில் இருந்த பிளைவுட்டில் பலகை அடித்தார்.

யாரும் எச்சரிக்காத வேலை ஒன்று வந்தது. சரக்குப் பட்டியல். 3,100 சரக்கு. எங்களுக்கே தெரியாமல் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் புழங்கியிருக்கிறது. "முக்கால் எல்போ", "20 எம்எம் எல்போ", "எல்போ சின்னது". தம்பி எக்செலில் அடிக்க, அப்பா அலமாரி அலமாரியாக நின்று எண்ணிச் சொல்ல, 11 ராத்திரி ஆச்சு. முதலில் அளவு, அப்புறம் பொருள், அப்புறம் கம்பெனி என்று ஒரே ஒழுங்கில் பெயர் வைத்தோம். கணினி வாங்கப் போறவங்க இதை முதலிலேயே ஆரம்பிச்சிடுங்க, மெஷின் வருவதற்கு முன்பே நோட்டில் எழுதலாம்.

பாக்கிப் பட்டியலை அப்பா நோட்டிலிருந்து ஒவ்வொருத்தரிடமும் கேட்டு உறுதி செய்த பிறகுதான் ஏற்றினோம். அந்த 8,400 கான்ட்ராக்டரிடமும் போனோம். அவர் பழைய துண்டுச் சீட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒரு மோட்டார் பம்பு 2,500 ரூபாய், அவர் மறந்துபோனது. அன்றைக்கே கொடுத்துட்டார்.

மளிகை | புதன், காலை 6:20

ரொம்ப சந்தோசமுங்க. பென் டிரைவ் கழட்டுறீங்களா?

மணிமுத்தாறு | புதன், காலை 8:55

கழட்டறோம் அண்ணா. நேற்று இரட்டை. இன்னைக்கு ஒற்றை, அப்பா பையில் இருக்கு.